விசை யார் கையில்? கோல சிலாங்கூர்த் தோட்டங்களின் ஒலிக் கதை

சிலாங்கூர் ஆற்றை ஒட்டி உள்ளே போனால் பெஸ்தாரி ஜெயா வரும். பழைய ஆட்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியச் செம்பனைத் தொழில் பிறந்த இடமாகச் சொல்லப்படுவது இதுதான். அதே மனிதர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. நாவல் நெடுக பந்துன் என்னும் மலாய்ப் பாக்கள் வருகின்றன. அவருடைய தோட்டங்களில் மண்ணைக் கொத்திய தமிழர்களும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியைக் கிண்டலடிக்கும் எதிர்ப்பாட்டு என்று எல்லாம் இருந்தன. அவை அச்சேறப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இசையும் ஊடகமும் ஒரு சமூகத்தை என்ன செய்கின்றன என்று கேட்டால், சினிமா கெடுத்தது என்பார்கள் சிலர். சினிமாதான் கண்ணைத் திறந்தது என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பும் பார்ப்பது படத்தையும் பாட்டையும் மட்டுமே. கோல சிலாங்கூர் தொடங்கி உலு சிலாங்கூர் வரை பரந்திருந்த தோட்டங்களின் கதையைப் படிக்கும்போது வேறு சில கேள்விகள் முன்னுக்கு வருகின்றன. வானொலிப் பெட்டி யாருடையது? மின்சாரத்தை எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள்? படம் பார்க்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தது யார், தரையில் உட்கார்ந்தது யார்? தோட்டத்து மக்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்ததும் பின்னர் சிதறியதும் இந்தக் கேள்விகளின் விடைகளோடு பின்னிக் கிடக்கின்றன.

தோட்டத்தின் நாள் பெரட்டோடு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்போடு, விடியும். மணியோ, தொங்கவிட்ட இரும்புத் துண்டோ, பிற்காலத்தில் சங்கோ ஒலித்ததும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுப்பு எரியத் தொடங்கும். இலங்கை மலையகத்தில் இந்த வேலையைத் தப்பு என்னும் பறை செய்தது. பெரட்டுத் தப்பு என்றே அதற்குப் பெயர். நேரத்தை அறிவிக்கும் ஒலி நிர்வாகத்தின் சொத்து. மக்களின் ஒலிக்கு ஆண்டில் சில நாட்களே வாய்த்தன: மாரியம்மன் திருவிழா, தீமிதி, காமன் கூத்து, பொன்னர் சங்கர், இடையில் சாவு வீடுகள். அந்தச் சில நாட்களிலும் எல்லாரும் சமம் இல்லை. பல தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. தப்படிப்பது ஒரு சாதியின் கடமை. அந்த வாத்தியத்தைத் தொடுவது மற்றவர்களுக்கு இழுக்கு. கப்பலேறி வந்தபோது பலதைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

வெளியுலகின் குரல் முதலில் காகிதமாகத்தான் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும். பள்ளி வந்தால் வாத்தியார் வருவார். வாத்தியாரோடு பத்திரிகையும் வரும். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனையும் 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசையும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் போதும், ஒரு லயமே சேதி அறிந்துவிடும். பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து பேசிய பேச்சுகள் கூட்டத்துக்குப் போகாதவர் காதிலும் விழுந்ததற்கு இந்த வாசிப்பும் ஒரு காரணம்.

விளைவு 1941இல் தெரிந்தது. கிள்ளான் வட்டாரத்தில் வெடித்துச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்ட வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். அவர் தமிழ் நேசனின் துணையாசிரியர். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு வேறு இரண்டும் இருந்தன. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். கூலி உயர்வைப் பேரம் பேசித் தீர்த்திருக்கலாம். இந்த இரண்டும் தோட்ட எல்லைக்கே விட்ட சவால். அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

வானொலி வேறு நோக்கத்தோடு வந்தது. 1946 ஏப்ரலில் மலாயா வானொலி தொடங்கியது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து தோட்டத்து மக்களைப் பிரித்து வைக்க அரசுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. இந்தப் பிரசாரப் பணிக்காக 1950இல் லண்டனிலிருந்து வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். பிற்காலத்தில் பிபிசியின் தலைமை இயக்குநர் ஆனவர் இவர்தான். புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் எல்லாரும் கூடிக் கேட்கும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தகவல் இலாகா வேன்கள் ஒலிபெருக்கியும் படச்சுருளுமாக மண்சாலைகளில் சுற்றின.

அரசு சொல்ல நினைத்தது ஒன்று, கூட்டம் காத்திருந்தது வேறொன்றுக்கு. அறிவிப்பும் செய்தியும் முடியட்டும், பாட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். அதே காலத்தில் இந்தியாவில், 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஓரங்கட்டினார். நேயர்கள் கூட்டமாக இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். மக்களுக்கு எது நல்ல சங்கீதம் என்று மேலிருந்து முடிவு செய்தவர்கள் தோற்ற கதை அது. மலாயாவில் அந்தத் தப்பு நடக்கவில்லை. சாமர்த்தியம் என்று சொல்வதைவிட அவசரம் என்று சொல்லலாம்: பாட்டு இல்லாவிட்டால் பெட்டியைச் சுற்றி ஆள் சேராது.

1960களில் மலிவான ஜப்பானிய டிரான்சிஸ்டர் வந்ததும் பெட்டி தொழிலாளியின் கைக்கு வந்தது. சைக்கிள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு அது ரப்பர் வெட்டுக்காட்டுக்குள்ளும் போனது. அப்போது தமிழ் வானொலியில் ரெ. சண்முகம் போன்றவர்கள் இருந்தார்கள். அவர் ஒலிபரப்பாளர், பாடகர், பாடலாசிரியர், நாடகக்காரர். ரெ. கார்த்திகேசு வானொலியில் இருந்துவிட்டுப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ஊடகத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். நாவலும் எழுதினார். ஒலிபரப்பும் இலக்கியமும் அன்று ஒரே ஆட்களின் கையில் இருந்ததால் வானொலித் தமிழுக்கு ஒரு கம்பீரம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை மேடையேறிப் பேசும்போது யாரைப் போலப் பேச வேண்டும் என்று அதுதான் கற்றுக்கொடுத்தது.

நேயர் விருப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தபால் அட்டையில் பாட்டின் பெயர், படத்தின் பெயர். அதற்குக் கீழே விரும்பிக் கேட்பவர்களின் பட்டியல்: அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, சின்ன மாமா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் இருக்கும் தம்பி வரைக்கும். கடைசியில் தோட்டத்தின் பெயர். அறிவிப்பாளர் மூச்சு விடாமல் அத்தனையையும் வாசிப்பார். பாட்டு மூன்று நிமிடம் என்றால் பெயர்கள் ஒரு நிமிடத்தைத் தின்னும். நகரத்துக் காதுக்கு இது சலிப்பு. ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாகவும் பெரட்டில் ஒரு தலையாகவும் மட்டுமே பதிவான மனிதர்களின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது இந்த அட்டைகளால்தான். மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று வெள்ளைக்காரன் வைத்ததும் மலாயில் வந்ததுமான தோட்டப் பெயர்கள் தமிழ் வாயில் உருண்டு வந்தபோது, ஜொகூரில் இருப்பவனுக்குச் சிலாங்கூரின் தோட்டங்கள் பழகிப்போயின.

படம் மாதம் ஒருமுறை வரும், சில இடங்களில் அதுவும் இல்லை. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாயும் முன்பே பாய், கோணி, பலகை என்று இடம் பிடித்தாகிவிடும். ஒளிக்கருவிக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் தோட்டக் கணக்கரான கிராணியின் வீட்டாருக்கு நாற்காலிகள். அவற்றுக்குப் பின்னால் வேலையை மேற்பார்க்கும் தண்டல்கள். மற்றவர்கள் தரையில். இடம் கிடைக்காத பையன்கள் திரைக்குப் பின்புறம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். சுருள் மாற்றும் இடைவெளியில் கச்சான் விற்பனை, சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கும். தோட்டத்துப் படிநிலையை அப்படியே வரைந்து காட்டும் இருக்கை அமைப்புக்கு எதிரே, அந்தப் படிநிலையைக் கவிழ்க்கும் கதை ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

1956இல் வந்த ‘மதுரை வீரன்’ இதற்குச் சரியான சான்று. தோட்டத்துக்குத் தோட்டம் மதுரை வீரனுக்கு ஒரு கோவில் உண்டு. பெரிய கோவில் மாரியம்மனுக்கு, எல்லையோரத்து மரத்தடி வீரனுக்கும் முனியாண்டிக்கும். சுருட்டும் சாராயமும் படைத்துக் கும்பிட்ட அந்தக் காவல் தெய்வம் திடீரென்று திரையில் எம்.ஜி.ஆராக நின்றது. அரசகுலத்தில் பிறந்தாலும் செருப்புத் தைக்கும் தம்பதியிடம் வளர்ந்தவன், மேல்குலத்துப் பெண்ணைக் காதலித்தவன், அதிகாரத்தால் வெட்டப்பட்டவன் என்று படம் சொன்னது. சாமி கும்பிட்டவனும் படம் பார்த்தவனும் ஒரே ஆள். இந்த ஒரு படத்தால் லயங்களின் சாதிக்கோடு அழிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1952 முதல் சாரங்கபாணி முன்னெடுத்த தமிழர் திருநாள் மேடைகள், 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது, திராவிட இயக்கத்தார் காவடியையும் தீமிதியையும் எதிர்த்துச் செய்த பிரசாரம், இந்தத் திரைக்கதைகள் எல்லாம் ஒரே சில ஆண்டுகளுக்குள் வந்து விழுந்தன. பாட்டுப் போட்டியில் யார் வீட்டுப் பிள்ளையும் பாடலாம் என்ற நிலை வந்தபின், எந்த லயத்துப் பிள்ளை என்று கேட்பவர்களின் குரல் தணிந்தது.

தொலைக்காட்சி 1963 டிசம்பரில் மலேசியாவுக்கு வந்தது. தோட்டத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்தான் லயத்தில் விளக்கு எரியும் என்ற நிலையில் தொலைக்காட்சி எங்கே ஓடும்? கார் பேட்டரியில் ஓட்டியவர்கள் உண்டு. 1980களில் வீடியோவும் கேசட்டும் வந்தன. வட இந்தியாவில் கேசட் எப்படி இசைக் கம்பெனிகளின் பிடியை உடைத்து வட்டாரப் பாட்டுகளுக்கு வாழ்வு தந்தது என்று பீட்டர் மானுவல் 1993இல் ஒரு புத்தகமே எழுதினார். கோல சிலாங்கூரில் நடந்தது அதன் மறுபக்கம். கேசட் மதராஸிலிருந்து வந்தது, வட்டாரப் பாட்டு வாயடைத்துப் போனது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்து வானவில் ஒளிவழி வீட்டுக்குள் நுழைந்ததும் திடலில் கூட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அதற்குள் திடலும் போய்க்கொண்டிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார். தோட்டங்கள் கைமாறின, சில துண்டாடப்பட்டன, சில தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது. மற்றவர்கள் ரவாங், பூச்சோங், கிள்ளான், ஷா ஆலம் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். இந்தப் பெயர்ச்சியை நேராகக் காட்டிய படங்கள் இரண்டு. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960களின் தோட்டத்துக்குத் திரும்பிப் போகிறது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பத்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பின்தொடர்கிறது. சித்தப்பன்மாரின் அடிதடி உலகம், அப்பாவின் பிரம்பு, சினிமாக் கனவு என்று அவன் முன்னால் கிடப்பவை சிலவே.

இந்தத் தலைமுறைதான் உறுமியைக் கையில் எடுத்தது.

இடுப்பளவில் தொங்கும் இருமுகத் தோல்வாத்தியம் அது. வலப்பக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத்தில் வளைந்த குச்சியை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். தோலில் எண்ணெய்ப் பசை தடவியிருந்தால்தான் குச்சி பிடித்து இழுக்கும், அடிவயிற்றிலிருந்து வரும் முனகல் போல அந்த உறுமல் கிளம்பும். அருள் வரவழைக்கும் வாத்தியம் என்ற பெயர் அதற்கு. பம்பை, தவில், ஜால்ரா சேர்ந்தால் குழு தயார். ஒரே நிறச் சட்டை, முதுகில் குழுவின் பெயர், தைப்பூசம் நெருங்கினால் இரவு இரவாகப் பயிற்சி. பத்துமலைப் பாதையில் காவடிக்கு முன்னால் ஆடிக்கொண்டே அடிக்கும் இந்தப் பையன்களில் பலருடைய தாத்தாக்கள் தோட்டத்தில் தப்பைத் தொட மாட்டோம் என்றிருந்தவர்கள். பேரன்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை, தெரிந்தாலும் பொருட்டில்லை. தமிழ்நாட்டில் பறையை இழிவின் அடையாளத்திலிருந்து மீட்க இயக்கமாகவே உழைக்க வேண்டியிருந்தது. சக்தி கலைக்குழு போன்றவற்றின் முயற்சியை அமெரிக்க ஆய்வாளர் ஜோ ஷெரினியன் ஆவணப்படமாகவே எடுத்திருக்கிறார். மலேசியாவில் பிரகடனம் எதுவும் இல்லாமல் பையன்கள் சத்தத்தின் மேல் கொண்ட ஆசையால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

ஏன் உறுமி? வானொலி காதோடு காதாகிவிட்டது, படம் வீட்டுக்குள் போய்விட்டது. அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் இருப்பவனுக்கும் அடுத்த தாமானில் இருப்பவனுக்கும் ஒரே இடத்தில் கூட ஒரு காரணம் வேண்டும். கருவி வாங்கக் கொஞ்சம் பணம், பழக ஒரு கார் நிறுத்துமிடம், கூப்பிட ஒரு கோவில் இருந்தால் போதும். யாரும் அனுப்பாத, யாரும் தணிக்கை செய்யாத ஒலி இது. விசை முதல்முறையாகப் பையன்களின் கையில் இருக்கிறது.

அதனால்தான் பெரியவர்களுக்குப் பதற்றம். மலேசிய இந்து சங்கம் ஊர்வலங்களில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. சிங்கப்பூர் இன்னும் கறாராக இருந்தது: தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்கு 1973இல் விழுந்த தடை 2016 முதலே படிப்படியாகத் தளர்ந்தது. மலேசிய உள்துறை அமைச்சு 2013 ஆகஸ்டில் 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டு, உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர், அவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்று சொன்னது. காவடிகளிலும் சட்டைகளிலும் கும்பல் எண்கள் தென்படுகின்றன என்ற பேச்சு கூடவே வந்தது. அந்தப் பேச்சு முழுப் பொய் இல்லை. ஆனால் வேலையும் வீடும் பள்ளியும் கைவிட்ட இடத்தில் கும்பல் நுழைந்த கதையை, மேளத்தின் தலையில் கட்டுவது வசதியான கணக்கு. உறுமிக் குழு இல்லாத இடத்திலும் கும்பல் உண்டு. கும்பல் பக்கமே எட்டிப் பார்க்காத உறுமிக் குழுக்களும் நிறைய உண்டு.

இதே பதற்றம் 2016இல் திரையிலும் தெரிந்தது. பா. இரஞ்சித்தின் ‘கபாலி’யில் ரஜினிகாந்த் மலேசியத் தோட்டத்தில் பிறந்து, தமிழனுக்கும் சீனனுக்குச் சமமான கூலி கேட்டுப் போராடி, பின்பு கும்பல் தலைவனாகும் மனிதன். உலகம் முழுக்க அதன் முடிவு திறந்தே இருந்தது. மலேசியப் பிரதியில் மட்டும் கபாலி போலீசிடம் சரணடைந்தான் என்று எழுத்து வந்தது. சமகூலிக் கோரிக்கைக்கு யாரும் கத்தரி போடவில்லை. 1941இல் நாதன் பட்டியலில் இருந்த அதே கோரிக்கை எழுபத்தைந்து ஆண்டு கழித்துச் சென்னையில் எழுதப்பட்ட வசனமாகத் திரும்பி வந்தது. அதை இங்குள்ள இளைஞர்களில் எத்தனை பேர் தங்கள் தாத்தாவின் கதை என்று அறிந்து கைதட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

எதிர்த்திசையிலும் சரக்கு போயிருக்கிறது. யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ 2006இல் வெளியானது. இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்றை ராப் ஆக்கிய அதன் ‘மடை திறந்து’, தமிழில் ராப் பாடினால் நடிப்பாக இருக்காது என்று தமிழ்நாட்டுக்கு எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி குரல் கேட்டது. சென்னையிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்த மலேசியத் தமிழன், இந்த ஒரு சரக்கில் விற்பவனாகவும் ஆனான்.

தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழைய லயங்களில் இப்போது இருப்பவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வேலை முடிந்தால் ஆளுக்கொரு கைப்பேசி, அதில் இந்தோனேசிய டாங்டுட் இசை, வங்காளப் பாட்டு, ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. தோட்டத்துக் கோவில்கள் மட்டும் பல இடங்களில் நிற்கின்றன. ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குப் பூஞ்சாக் ஆலாமிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கார்கள் வருகின்றன. சேதி வாட்ஸ்அப் குழுவில் போகிறது, வர முடியாதவர்கள் முகநூல் நேரலையில் பார்க்கிறார்கள். ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி, நிலத்துக்குச் சொந்தக்காரரான கம்பெனியின் சம்மதம், அன்னதானப் பட்டியல் எல்லாம் கமிட்டிக் கூட்டத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். வாக்குவாதம் நீளுவது ஒரே ஓர் அம்சத்தில்தான்: தேருக்கு முன்னால் நாதஸ்வரமா, உறுமியா, உறுமி என்றால் எந்தப் பையன்களின் குழு.